கையில் வைத்தால் கனக்கும் திருத்தம்

1994 நடுவில் ராப் மெக்கூல் என்ற இளைஞர், அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்திலிருந்த என்.சி.எஸ்.ஏ. கணினி மையத்தை விட்டு விலகிப் போனார். அங்கே இருந்தபோது அவர் எழுதிய வெப் சர்வர்தான் அன்றைய இணையத்தில் மிக அதிகமாக ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் போனபின் அதைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. தளம் நடத்துகிறவர்களுக்கோ காத்திருக்க வழியில்லை. இரவில் சர்வர் விழுந்தால் விடிவதற்குள் தூக்கி நிறுத்தியாக வேண்டும். நல்லவேளையாக சோர்ஸ் கோட், அதாவது மூலநிரல், எல்லோர் கையிலும் இருந்தது. அவரவர் திறந்து பார்த்தார்கள், பிழையைத் தாங்களே திருத்தினார்கள், கம்பைல் செய்து ஓட்டினார்கள்.

கொஞ்ச நாளில் ஒரே பிழையைப் பத்து ஊரில் பத்துப் பேர் தனித்தனியே திருத்திவைத்திருக்கும் நிலை வந்தது. ஹாட்வயர்டு தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பிரையன் பெலெண்டார்ஃப், கலிஃபோர்னியாவின் அர்வைனில் ஆய்வு மாணவராக இருந்த ராய் ஃபீல்டிங், பிரிட்டனில் திரைப்படத் தகவல் தளம் ஒன்றை நடத்திய ராப் ஹார்டில் எல்லோரிடமும் இப்படி ஆளுக்கொரு திருத்த மூட்டை இருந்தது. 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் மின்னஞ்சல் வழியாகக் கூடி, அந்த மூட்டைகளை ஒன்றாகக் கொட்டினார்கள். ஏப்ரலில் அப்பாச்சி என்ற பெயரில் முதல் பொதுப் பதிப்பு வந்தது. டிசம்பரில் அப்பாச்சி 1.0 வந்தது. 1996 ஏப்ரலில், எந்தச் சர்வரைத் திருத்தப் புறப்பட்டார்களோ அதையே தாண்டி உலகின் முதலிடத்தைப் பிடித்தார்கள். அந்த எட்டுப் பேரும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இல்லை. அப்பாச்சியை எழுதுவதற்கென்று அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த முதலாளியும் இல்லை.

"காசு வாங்காம எதுக்கு சார் எழுதறாங்க?" பயிற்சி வகுப்புகளில் பிள்ளைகள் என்னிடம் ஓயாமல் கேட்கிற கேள்வி இது. கம்பெனி முதலாளிகள் இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பார்கள். தர்மம், கொள்கை, விளம்பரம் என்று பல பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் சர்வர் அறைகளில் இருந்தவன் என்ற முறையில் என் கையில் பட்ட பதில் வேறு. எழுதியதைக் கொடுப்பதைவிட வைத்திருப்பதற்குத்தான் செலவு அதிகம். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுமையை இறக்கிவைக்கவே கொடுத்தார்கள்.

அந்தச் சுமை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1998 நவம்பரில்தான் தனியார் இணையச் சேவை நடத்த அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு வி.எஸ்.என்.எல். மட்டும்தான். அனுமதி வந்த சூட்டில் முளைத்த சென்னை நிறுவனம் ஒன்றில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தேன். பேண்ட்விட்த் தங்க விலை விற்ற காலம். வாடிக்கையாளர்கள் பார்க்கும் பக்கங்களைச் சேமித்துவைத்துத் திரும்பக் கொடுப்பதற்கு ஸ்க்விட் என்ற ப்ராக்ஸியை வைத்திருந்தோம். அதுவும் திறந்த மூலம்தான். ஆனால் யார் எவ்வளவு இறக்கினார்கள் என்று எங்கள் பில்லிங்கிற்கு வேண்டிய விதத்தில் அது கணக்குச் சொல்லவில்லை. எனக்கு மேலே இருந்த சீனியர் உட்கார்ந்து, ஸ்க்விட்டின் உள்ளே கைவைத்து, அதைச் சொல்லவைத்தார்.

அந்தத் திருத்தம் ஒரு சின்ன ஃபைல், பேட்ச் ஃபைல். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: மூலநிரலின் எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று மேலே இருக்கும். மைனஸ் குறி போட்ட வரி போக வேண்டியது, பிளஸ் குறி போட்ட வரி வர வேண்டியது. இடம் தவறாமலிருக்க மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி மாற்றமில்லாமல் அப்படியே இருக்கும். இந்த ஃபைலை வாங்கி மூலநிரலில் பொருத்துகிற கருவியை 1985இல் எழுதி ஊருக்குக் கொடுத்தவர் லாரி வால். பிறகு பெர்ல் மொழியை உருவாக்கியவரும் அவரே. முழு நிரலையும் அனுப்பாமல் மாற்றத்தை மட்டும் அனுப்பலாம் என்ற வசதி வந்த பிறகுதான் முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து நிரல் எழுதுவது நடைமுறைக்கு வந்தது என்பது என் எண்ணம்.

ஸ்க்விட்டில் புதிய பதிப்பு வரும். பாதுகாப்புக் காரணத்துக்காக அதை ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றினால் எங்கள் பேட்ச் பொருந்தாது. மேல் மூன்று வரியை ஸ்க்விட் எழுதுகிறவர்கள் மாற்றியிருப்பார்கள், அல்லது அந்த ஃபங்ஷனையே வேறு ஃபைலுக்கு நகர்த்தியிருப்பார்கள். திரையில் 'ஹங்க் ஃபெயில்டு' என்று வரிசையாக விழும். பொருந்தாத துண்டுகள் தனி ஃபைலாக வந்து நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, புதிய நிரலில் இது எங்கே போகும் என்று தேடிப் பொருத்த வேண்டும். பொருத்தியபின் கணக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். சீனியர் பெங்களூருக்கு வேலை மாறிப் போனார். அந்தப் பேட்ச் என் தலையில் விழுந்தது.

மேலாளரிடம் போய்க் கேட்டேன். "சார், இதை ஸ்க்விட் எழுதறவங்களுக்கே அனுப்பிடலாம். அவங்க சேர்த்துக்கிட்டா அடுத்த பதிப்புலேர்ந்து நமக்கு இந்த வேலையே இல்லை."

"சம்பளம் குடுத்து எழுத வெச்சதுய்யா. அதை எதுக்கு ஊருக்குத் தூக்கிக் குடுக்கணும்? நாளைக்குப் போட்டிக்காரன் எடுத்துக்க மாட்டானா?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பேட்சைப் பார்த்து எந்த வாடிக்கையாளரும் எங்களிடம் வரவில்லை. அதை வைத்துப் போட்டியில் நாங்கள் ஒரு அடி முன்னேறவும் இல்லை. அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதற்கு ஆன செலவோ என் சம்பளத்தில் ஒரு பங்காக ஒவ்வொரு வருடமும் போனது. கடைசியில் பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டு புதியதைத் தள்ளிப்போடும் நிலைக்கு வந்தோம்.

என் மேலாளருக்குப் புரியாத இந்தக் கணக்கு அமெரிக்காவின் விமானக் கம்பெனிகளுக்கு 1955இலேயே புரிந்திருந்தது. ஐ.பி.எம். 704 என்ற பெரிய கணினி வரப்போகிறது. வாடகை மிக அதிகம். அதோடு வரும் மென்பொருளோ அநேகமாக ஒன்றுமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ராணுவ விமானம் செய்த கம்பெனிகள் எல்லாம் ஒரே அரசு ஒப்பந்தங்களுக்காக ஒன்றோடொன்று மோதியவை. இருந்தும் வர்க்கமூலம் கணக்கிடவும், அணிகளைப் பெருக்கவும், அச்சுக்கு அனுப்பவும் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே நிரல் எழுதிக்கொண்டிருப்பது வீண் என்று கண்டார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களே அன்றைக்குக் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். 1955 ஆகஸ்டில் சான்டா மோனிகாவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் கூடி ஷேர் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் எழுதிய நிரல் எல்லோருக்கும் போனது. விமானத்தின் வடிவமைப்பில் போட்டி தொடர்ந்தது, வர்க்கமூலத்தில் போட்டி நின்றது.

ஐ.பி.எம்.முக்கும் இதில் நஷ்டம் இல்லை. அது விற்றதும் வாடகைக்கு விட்டதும் இயந்திரத்தைத்தான். நிரல் எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு இயந்திரம் தேவைப்படும். 1969இல் அமெரிக்க அரசின் ஏகபோக எதிர்ப்பு வழக்கு தலைக்குமேல் நின்றபோதுதான் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 1983இல் மூலநிரலைத் தருவதையே நிறுத்திக்கொள்ளும் கொள்கைக்கு வந்தது. மூலநிரலைத் திறந்துவைப்பது ஏதோ 90களில் கிளம்பிய புதுமை என்று நம் கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள். உண்மையில் பூட்டிவைத்ததுதான் பிற்பாடு வந்த வழக்கம்.

இப்படிப் பூட்டிவைத்தது யாருக்கு எப்படி வலித்தது என்பதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலாளர். 1980ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனம் அந்தக் கூடத்துக்கு ஒரு லேசர் பிரின்டரைப் பரிசாகக் கொடுத்தது. அது வேறு மாடியில் இருந்தது. தாள் சிக்கிக்கொண்டு நின்றுவிடும். பழைய பிரின்டரில் ஸ்டால்மன் ஒரு திருத்தம் செய்திருந்தார்: சிக்கினால் காத்திருப்பவர்களுக்கெல்லாம் தகவல் போகும், யாராவது போய் எடுத்துவிடுவார்கள். புதியதில் அதைச் செய்ய மூலநிரல் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்க் கேட்டார். ரகசிய ஒப்பந்தம் போட்டிருப்பதால் தர முடியாது என்று பதில் வந்தது. 1983 செப்டம்பர் 27 அன்று, குனு என்ற பெயரில் முழு இயங்குதளத்தையும் எல்லோருக்கும் சொந்தமாக எழுதப்போவதாக ஸ்டால்மன் அறிவித்தார்.

அவருக்கு இது அறம் சார்ந்த விஷயம், இன்றுவரை அப்படித்தான். அவருடைய பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். அவர் செய்ததில் கம்பெனிகளின் நடத்தையை மாற்றியது 1989இல் வெளியிட்ட ஜி.பி.எல். உரிமம். இந்த நிரலை எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் மாற்றியதை வெளியே கொடுக்கும்போது மூலத்தையும் கொடு என்றது அது. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியே வந்து நடத்திய நெக்ஸ்ட் நிறுவனம், ஸ்டால்மனின் ஜி.சி.சி. கம்பைலரை எடுத்து ஆப்ஜெக்டிவ்-சி மொழியைச் சேர்த்தது. சேர்த்த பகுதியை மட்டும் பூட்டிவைக்க வழி பார்த்தது. ஸ்டால்மன் ஒப்புக்கொள்ளவில்லை. பகுதி வெளியே வந்தது. 2003இல் லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற வீட்டு ரூட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதைச் சிலர் கண்டுபிடித்துக் கேட்டபோது, மூலத்தை வெளியிட வேண்டிவந்தது. அதிலிருந்துதான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. பிறந்தது. இன்றைக்கும் பழைய ரூட்டர்களுக்கு உயிர் கொடுக்க அதைத்தான் ஏற்றுகிறோம்.

கட்டாயத்தால் கொடுத்தவர்கள் உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன். ஆனால் கட்டாயம் மட்டும் போதாது. என் பழைய கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஏனென்றால் ஸ்க்விட்டை நாங்கள் வெளியே யாருக்கும் கொடுக்கவில்லை, நாங்களே ஓட்டிக்கொண்டோம். அப்பாச்சியின் உரிமமோ மூலத்தைத் திருப்பிக் கேட்பதே இல்லை. இருந்தும் அதற்குத் திருத்தங்கள் வந்து குவிந்தன.

1989இல் கலிஃபோர்னியாவில் மூன்று பேர் சேர்ந்து சிக்னஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மைக்கேல் டீமன், ஜான் கில்மோர், டேவிட் ஹெங்கல்-வாலஸ். இலவசமாகக் கிடைக்கும் ஜி.சி.சி.யை வைத்து எப்படிச் சம்பாதிப்பது? புதிய சிப் செய்கிற கம்பெனிகளிடம் போனார்கள். சிப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குக் கம்பைலர் இல்லையென்றால் வாங்க ஆளில்லை. எங்களுக்குப் பணம் கொடுங்கள், உங்கள் சிப்புக்கு ஜி.சி.சி.யைப் பொருத்தித் தருகிறோம் என்றார்கள். எழுதியது உலகத்துக்கே போனது, பணம் கொடுத்த கம்பெனிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. 1999இல் ரெட் ஹாட் சிக்னஸை வாங்கியது. திறந்த நிரலுக்குக் கம்பெனிகள் ஏன் பணம் கொடுக்கின்றன என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தன் 386 கணினிக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 2000ஐ ஒட்டிய வருடங்களில் சென்னையின் கணினிக் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் மிக மலிவாகக் கிடைத்த நெட்வொர்க் கார்டு ரியல்டெக் 8139. பிசிக்வெஸ்ட் பத்திரிகை லினக்ஸ் சிடியை இதழோடு கொடுக்கும். அதை ஏற்றி, இந்தக் கார்டைச் செருகினால் உடனே ஓடும். ஒருமுறை அந்தக் கார்டை ஓட்டும் டிரைவரின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். தலைப்பில் டொனால்ட் பெக்கர் என்ற பெயரும் நாசாவின் காடர்ட் விண்வெளி மைய முகவரியும் இருந்தன. பழைய என்.இ.2000 கார்டின் டிரைவரைத் திறந்தால் அங்கேயும் அவர்தான்.

விண்வெளி மையத்தில் இருந்தவருக்கு ரிச்சி ஸ்ட்ரீட் கார்டில் என்ன வேலை? 1994இல் அவரும் தாமஸ் ஸ்டெர்லிங்கும் பதினாறு சாதாரண 486 கணினிகளைச் சேர்த்துக் கட்டி ஒரு மலிவான சூப்பர் கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். பியோவுல்ஃப் என்று பெயர். கணினிகளைச் சேர்த்துக் கட்ட மலிவான கார்டு வேண்டும், மலிவான கார்டுக்கு லினக்ஸில் டிரைவர் வேண்டும். எழுதினார், கொடுத்தார். உலகம் முழுவதும் உள்ளவர்கள் அந்தக் கார்டுகளைச் செருகிப் பார்த்துப் பிழை சொன்னார்கள், திருத்தம் அனுப்பினார்கள். நாசா தனியாகச் சம்பளம் கொடுத்துச் சோதிக்க முடியாத அளவுக்கு அந்த டிரைவர்கள் தேறின. சென்னையின் எத்தனையோ பிரௌசிங் சென்டர்கள் அந்த டிரைவர்களின் மேல்தான் ஓடின. பெக்கரின் பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. நான் சந்திக்காத அந்த மனிதருக்கு நன்றி சொல்ல எனக்குக் கிடைத்த இடம் இதுதான்.

தனிமனிதர்கள் எழுதுவதற்குத் தேவை மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. கரீம் லக்கானியும் ராபர்ட் உல்ஃபும் 287 திட்டங்களில் எழுதும் 684 பேரிடம் கேட்டு 2005இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். எழுதும்போது கிடைக்கும் படைப்பு மகிழ்ச்சிதான் மிக வலுவான காரணமாக வந்தது. அவர்களில் 40 சதவீதம் பேர் அந்த வேலைக்குச் சம்பளமும் வாங்கினார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. சம்பளமும் மகிழ்ச்சியும் ஒன்றையொன்று விரட்டவில்லை. பொருளாதார அறிஞர்கள் ஜோஷ் லெர்னரும், பின்னாளில் நோபல் பெற்ற ழான் திரோலும் 2002இல் வேறு கோணத்தில் பார்த்தார்கள். திறந்த நிரலில் யார் எந்த வரியை எழுதினார் என்பது வெட்டவெளிச்சம், அதனால் திறமை சந்தைக்குத் தெரிகிறது என்றார்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பெரிய கல்லூரிப் பெயர் இல்லாத கிராமத்துப் பிள்ளைகள், ஒரு திட்டத்தில் ஏற்கப்பட்ட திருத்தங்களைக் காட்டி வேலை வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேறில்லை.

தமிழில் கணினி பேசத் தொடங்கியதும் இப்படித்தான். கேடிஇ, குனோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் முதலியவற்றின் மெனுக்களைத் தமிழில் பெயர்த்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் வெளிநாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள். பகல் வேலை முடித்து இரவில் ஆயிரக்கணக்கான சரங்களைப் பெயர்த்தார்கள். மூலம் திறந்திருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டும், வேறு யாரும் செய்யப்போவதில்லை என்ற அதே காரணம்தான்.

கம்பெனிகள் பெரிய அளவில் உள்ளே வந்தது 1998இலிருந்து. ஐ.பி.எம். தன் சொந்த வெப் சர்வரை வைத்திருந்தது. ஆனால் சந்தையில் பாதியை அப்பாச்சி பிடித்துவிட்டது. அதோடு மோதுவதை விட்டுவிட்டு, 1998 ஜூனில் தன் வெப்ஸ்பியர் பொருளோடு அப்பாச்சியைச் சேர்த்தே கொடுப்பதாக அறிவித்தது. ஐ.பி.எம். பணம் பார்த்தது வெப் சர்வருக்கு மேலே ஓடும் பொருளில். கீழே இருப்பது விலையில்லாமலும் உறுதியாகவும் இருந்தால் மேலே இருப்பது விற்கும். இயந்திரம் விற்பதற்காக நிரலைக் கொடுத்த 1955ஆம் ஆண்டுக் கணக்குக்கு அதே கம்பெனி நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தது என்றே இதைப் பார்க்கிறேன். ஒரு சிக்கல் இருந்தது: அப்பாச்சி என்று கையெழுத்துப் போடப் பதிவான அமைப்பு எதுவும் இல்லை. 1999இல் அப்பாச்சி அறக்கட்டளை பதிவானது. அடுத்து ஐ.பி.எம். 2001இல் லினக்ஸுக்காக 100 கோடி டாலர் செலவிடப்போவதாகச் சொன்னது. வகைக்கொரு இயங்குதளத்தோடு அது விற்ற எல்லாச் சர்வர்களிலும், மெயின்ஃப்ரேம் உட்பட, ஓடக்கூடிய ஒரே அடித்தளம் லினக்ஸ். சன் நிறுவனமும் மைக்ரோசாஃப்ட்டும் போட்டியில் நின்ற நேரம் அது.

மைக்ரோசாஃப்ட்டின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். 2009 ஜூலையில் அதே நிறுவனம் 20,000 வரி டிரைவர் நிரலை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குக் கொடுத்தது. அந்த டிரைவரில் ஜி.பி.எல். நிரலும் கலந்திருப்பதை வெளிப் பொறியாளர் ஒருவர் கண்டு சொன்னது ஒரு காரணம். தன் ஹைப்பர்-வி மெய்நிகர் மேடையில் லினக்ஸ் ஓடாவிட்டால் அந்த மேடை விற்காது என்பது பெரிய காரணம். 2011இல் லினக்ஸ் 3.0 வந்தபோது, அந்தப் பதிப்பில் மிக அதிகமான மாற்றங்களை அனுப்பிய தனிமனிதர் ஒரு மைக்ரோசாஃப்ட் பொறியாளர். மனம் மாறினார்களா என்ற ஆராய்ச்சி எனக்குத் தேவையில்லை. கெர்னலின் உள் அமைப்பு ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு பதிப்பிலும் மாறும். வெளியே வைத்திருக்கும் டிரைவர் அதைத் துரத்திக்கொண்டே ஓட வேண்டும். உள்ளே சேர்ந்துவிட்டால், அமைப்பை மாற்றுகிறவரே அதைத் தொடும் எல்லா டிரைவர்களையும் சேர்த்துத் திருத்துவார், அதுதான் அங்கே வழக்கம். என் தலையில் விழுந்த ஸ்க்விட் பேட்சின் அதே பாரம்தான், உலகின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனத்தின் அளவில்.

லினக்ஸ் அறக்கட்டளையின் 2017ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2005க்குப் பின் கெர்னலுக்கு நிரல் கொடுத்தவர்கள் 15,000க்கும் அதிகம். அவர்கள் சார்ந்த நிறுவனங்கள் 1,400க்கும் மேல். சம்பளமில்லாமல் எழுதியவர்களின் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. லினக்ஸ் பொழுதுபோக்குக்காரர்களின் வேலை என்ற எண்ணம் இன்னும் யாருக்காவது இருந்தால் விட்டுவிடலாம்.

இவ்வளவு நேரம் சொன்ன கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கம்பெனிகள் ஆளை அனுப்புவது தங்களுக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே. புதிய சிப் ஓட வேண்டும், புதிய மேடை விற்க வேண்டும், ஆகவே கெர்னலில் கூட்டம். சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். அப்படி ஓடியது. 1998 முதல் வங்கி, கடை, மின்னஞ்சல் என்று உலகத்து இணையதளங்களில் பெரும்பகுதியின் ரகசியத்தைக் காத்தது. 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானது. எதிர்முனை கேட்கும் அளவைச் சரிபார்க்காமல் நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும் பிழை அது. கடவுச்சொல்லும் சாவியும் அதோடு போகலாம். 2011 டிசம்பர் 31 அன்று நிரலில் சேர்ந்த பிழை, இரண்டு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் எல்லா சிஸ்டம் அட்மின்களும் விடிய விடிய பேட்ச் போட்டு, சாவிகளை மாற்றிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் விவரம் வெளியே வந்தது. அந்தத் திட்டத்துக்கு முழுநேரமும் உழைத்தவர் ஸ்டீபன் ஹென்சன் என்ற ஒரே ஒருவர். உலகம் முழுவதிலுமிருந்து வந்த நன்கொடை வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 டாலர். அதை வைத்துக் கோடிகளில் வியாபாரம் செய்த கம்பெனிகளுக்கு அது தெரிந்திருக்கவேயில்லை. அதே மாதம் கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், அமேசான் முதலியவை சேர்ந்து, ஒவ்வொன்றும் வருடம் ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்று வருடம் கொடுப்பதாக ஒரு நிதியை ஏற்படுத்தின. வலித்த பிறகு கொடுத்தார்கள்.

பத்து வருடம் கழித்தும் பாடம் முடியவில்லை. எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் கருவி கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதைப் பல வருடங்களாகத் தனியாளாகத் தாங்கியவர் ஒரு தன்னார்வலர். உடல் மனச் சோர்வைச் சொல்லியும் இருந்தார். வேகம் போதாது என்று அவரை நெருக்கியவர்கள் இருந்தார்கள், நிரலில் கைகொடுக்க வந்தவர் ஒருவர்தான். இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்ற அந்தப் புனைபெயர்க்காரர், சர்வர்களுக்குள் கள்ளவழி வைக்கத்தான் வந்திருந்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவி அதைப் பிடித்தார். உதவி கேட்ட நேரத்தில் அந்தக் கருவியைப் பயன்படுத்திய ஆயிரம் கம்பெனிகளில் ஒன்றாவது ஓர் ஆளை அனுப்பியிருந்தால், அந்த இடம் காலியாக இருந்திருக்காது.

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர்களே, உங்கள் பொருள் எந்தெந்த லைப்ரரிகளின் மேல் நிற்கிறது என்ற பட்டியலை உங்கள் பொறியாளர்களிடம் கேளுங்கள். அதில் ஒரே ஆள் தாங்கிக்கொண்டிருப்பவை எவை என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆளுக்கு மாதம் ஒரு தொகை அனுப்புங்கள், முடியாவிட்டால் உங்கள் பொறியாளர் ஒருவரின் வாரத்தில் அரை நாளை அந்தத் திட்டத்துக்கு ஒதுக்குங்கள். உங்கள் அலுவலகத்தில் யாரோ எழுதிவைத்து, பதிப்புக்குப் பதிப்பு இன்னொருவர் பொருத்திக்கொண்டிருக்கும் பேட்ச் ஒன்று நிச்சயம் இருக்கும். அதை இந்த மாதமே எழுதியவரின் பெயரோடு மூலத் திட்டத்துக்கு அனுப்ப அனுமதி கொடுங்கள்.